ஏழாவது கட்டம்

“மறுமணம் செஞ்சுக்கிட்டீங்களா?”

கேள்வி கூடம் முழுக்க ஒலித்தது. காத்திருந்த நாற்பது தலைகளும் ஒன்றாகத் திரும்பின... நனைந்த குடையை மடக்கிக்கொண்டிருந்தவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

ஓய்வூதிய அலுவலகத்தின் மூன்றாம் கவுன்ட்டர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், புதிதாக வந்திருந்த குமாஸ்தா படிவத்தின் ஏழாவது கட்டத்தில் பேனாவை வைத்தபடி அவள் முகத்தைப் பார்த்தான். மைக் ஓடிக்கொண்டிருப்பதே தெரியாது போல.

“இல்லை. ஊருக்கு வேற ஏதாவது சொல்லணுமா சார்?”

அவன் பதறி மைக்கை அணைத்தான். அந்தப் பதற்றத்தில் கை பட்டு, அவன் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

“ஐயோ, மன்னிச்சிருங்க... புருஷனோட பென்ஷன் வாங்குறவங்க ஆறு மாசத்துக்கு ஒருதடவை இதைச் சொல்லியாகணும். விதிங்க.”

“எனக்கு முன்னாடி நின்ன பெரியவரும் பொண்டாட்டியோட பென்ஷன்தானே வாங்குறார்? அவரை ஏன் கேக்கலை?”

அவன் இரண்டு படிவங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மேலே... கீழே... மறுபடி மேலே.

“ஆம்பளைங்க படிவத்துல அந்தக் கட்டமே இல்லீங்க.”

“நல்லாருக்கு!”

“நல்லா இல்லீங்க,” என்றான் மெதுவாக.

விதியைக் காட்டி வாயடைப்பான் என்று நினைத்திருந்தவள், அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். தொங்கும் கண்ணாடிக்குப் பின்னால் மழை கழுவிவிட்ட ஜன்னல் மாதிரி இரண்டு கண்கள்...

“கண்ணாடியை இப்படிக் குடுங்க.”

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பையில் எப்போதும் ஒரு குட்டித் திருப்புளி இருக்கும். படிவம் நுழையும் சந்து வழியாக வந்த கண்ணாடியில் திருகாணியை முடுக்கி, கைக்குட்டையால் துடைத்து, கடை முகவரிச் சீட்டோடு அதே சந்து வழியாகத் திருப்பித் தள்ளினாள்.

மறுவாரமே கடைக்கு வந்துவிட்டான். “மூக்குல அழுத்துது.” அதற்கடுத்த வாரம் காதில் உறுத்தியது. மூன்றாம் வாரம் அவளே சிரித்துவிட்டாள்.

“கண்ணாடிக்கு ஒண்ணுமில்லை சார்.”

“தெரியும்ங்க... பார்க்கத்தான் வந்தேன்.”

“எதை?”

சட்டென்று சுவரிலிருந்த கண் பரிசோதனை எழுத்துப் பலகையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான், பாவம். கடைசி வரி வரை ஒரு பிழை இல்லை!

அந்த ஏழாவது கட்டத்தைப் பற்றி மேலிடத்துக்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டானாம். “கிறுக்கன்னு சொல்றாங்க,” என்று சிரித்தான். யாரோ முகம் தெரியாத பெண்களின் மானத்துக்காக ஒருவன் இத்தனை மெனக்கெடுவானா... அன்று முழுக்க அவள் கை லென்ஸைத் துடைத்தது. மனம் வேறெங்கோ இருந்தது.

ஆனால் வீட்டில் அத்தை இருந்தாள். நான்கு வருடத்துக்கு முன் இறந்துபோன கணவனின் அம்மா; இப்போது இவளுக்கும் அம்மா. அவளுடைய இதய மாத்திரை அந்தப் பென்ஷனில்தான் வந்தது.

ஒரு மழை மாலையில், “உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா...” என்று அவன் தொடங்கியதும் அவள் தடுத்தாள்.

“வேணாம் சார். ஏழாவது கட்டத்துல நான் ‘இல்லை’ன்னு எழுதுற வரைக்கும்தான் அத்தைக்கு மாத்திரை.”

அவன் முகம் வெளிறியது. அதற்குப் பிறகு கடைப் பக்கமே வரவில்லை. அவ்வளவுதானா... என்று ஒவ்வொரு மழைக்கும் அவள் வாசலைப் பார்த்தாள்.

ஆறு மாதம் ஆனது. அத்தையும் கூடவே கிளம்பி வந்தாள். அலுவலகச் சுவரில் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு. அத்தை சத்தமாக வாசித்தாள்.

“துணையை இழந்தவர் மறுமணம் செய்தால், இறந்தவரை நம்பியிருந்த தாய் தந்தைக்கு அந்த ஓய்வூதியம் மாறும். விண்ணப்பித்தால் போதும்.”

கவுன்ட்டரில் அதே கண்ணாடி, அதே கண்கள். நீட்டிய படிவம் மட்டும் புதிது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே படிவம்; ஏழாவது கட்டமும் இருவருக்கும் பொது.

“இந்த விதி எப்ப வந்துச்சு?”

“பதினஞ்சு வருஷமா இருக்குங்க. யாரும் யார்கிட்டயும் சொல்லலை. நீங்க மாத்திரையைப் பத்திச் சொன்ன அன்னிக்குத்தான் தேடிப் பார்த்தேன்.”

“கடைக்கு வந்து சொல்லியிருக்கலாமே!”

“உங்களுக்கு மட்டும் வந்து சொன்னா... எனக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும். உங்களை மாதிரி இங்க முந்நூறு பேர் கையெழுத்துப் போடுறாங்க. அதான், முதல்ல சுவத்துல ஒட்டிட்டு வரலாம்னு... அதுக்கு அனுமதி வாங்கி, நேத்துதான் ஒட்டினேன்.”

அவள் சுவரிலிருந்த அறிவிப்பை மறுபடி திரும்பிப் பார்த்தாள். இப்படியும் ஒரு மனுஷனா...

பின்னாலிருந்து அத்தை இடித்தாள். “ஏம்மா, என்னோட விண்ணப்பத்தை எங்க வாங்கணும்னு அந்தத் தம்பிகிட்டக் கேளேன்!”

இவள் திரும்பினாள். அத்தையின் கண் நிறைந்திருந்தது. உதட்டிலோ குறும்பு.

அவன் எழுந்து நின்றான். மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏதோ முணுமுணுத்தான். தடுப்புக்குப் பின்னால் உதடு மட்டும் அசைந்தது.

“கேக்கலை.”

மறுபடி அசைந்தது.

அவள் கண்ணாடித் தடுப்பில் தட்டி மைக்கைக் காட்டினாள். “அன்னிக்கு ஊருக்கே கேக்குற மாதிரி கேட்டீங்கல்ல? இதையும் அப்படியே கேளுங்க.”

காதெல்லாம் சிவக்க, அவன் பொத்தானை அழுத்தினான்.

“என்னை... என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”

கூடம் மொத்தமும் திரும்பியது. அவள் யாரையும் பார்க்கவில்லை. நிரப்பாத படிவத்தைச் சந்து வழியாக உள்ளே தள்ளினாள்.

“இதைப் பத்திரமா வைங்க. முகூர்த்தம் முடிஞ்சதும் வந்து, ஏழாவது கட்டத்துல ‘ஆமா’ன்னு எழுதித் தர்றேன்.”