ஒன்பதடி சிவப்புச் சுவர்

போன் அடித்தது.

"மேடம்... சைட்ல பொண நாத்தம். போலீஸ் வேற வந்திருக்கு. உடனே வாங்க."

மேஸ்திரி வைத்துவிட்டார்.

இன்டீரியர் டிசைனர் கார் சாவியை எடுத்தாள்.

நாற்றம் வர வழியே இல்லையே! ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத சைட்டில், அவனை நாலு சுற்று பிளாஸ்டிக் ஷீட்டில் சுருட்டி, ஃபேமிலி ரூம் சுவருக்குள் நிறுத்தி, ஜிப்சம் போர்டு அடித்து மூடியது அவளேதான்.

அவன் என்றால் கொழுந்தன். புருஷனின் தம்பி. அவள் டிசைன் செய்துகொண்டிருந்த சைனீஸ் ரெஸ்டாரன்டின் உள்வேலைக்குக் கான்ட்ராக்டர்.

த்தூ! நினைத்தாலே அருவருப்பு. வாய்க்கு வாய் 'அண்ணி' என்பான்; கை மட்டும் அவள் இடுப்பைத் தேடும். அன்றைக்கு அளவெடுக்கிறேன் என்று பின்னால் வந்து கட்டிப்பிடித்தான். அவள் கையில் சுத்தியல் இருந்தது.

ஒரே அடி...

இப்போது அந்தச் சுவர் உடையாதவரை அவள் தப்பித்தாள். உடைந்தால் ஆயுள் தண்டனை.

காரை விட்டு இறங்கும்போதே நாற்றம் மூக்கில் ஏறியது. ஓனர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். டிராகன் வேண்டும், தங்கக் கலர் வேண்டும், கூரை முழுக்கக் காகித விளக்கு தொங்க வேண்டும் என்று இரண்டு மாதம் உயிரை எடுத்த மனிதர். மல்லுக்கட்டி, சாம்பல் நிறத் தரை, மரச் சட்டங்கள், ஒரே ஒரு சிவப்புச் சுவர் என்று அவரை வழிக்குக் கொண்டுவந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொழுந்தனைக் காணோம் என்று அவன் பெண்டாட்டி புகார் கொடுத்திருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். போன் சிக்னல் கடைசியாக இந்தக் கட்டடத்தில்தான் இருந்ததாம்.

"நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு பாத்துடலாமா மேடம்?"

அவள் தலையை ஆட்டினாள்.

கான்ஸ்டபிள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடந்தார். ஃபேமிலி ரூமில் நின்றார். சிவப்புச் சுவரைத் தட்டினார்.

டொக்... டொக்...

அவளுக்கு உயிர் போய்த் திரும்பியது.

அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிச்சன் பக்கம் போனார். ஏணி வந்தது. புகைக் குழாயைக் கழற்றினார்கள். பொத்தென்று விழுந்தது... ஊதிப்போன பெருச்சாளி! புழு நெளிந்தது. ஓனர் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

அவளுக்கோ பெருச்சாளியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று சொல்லி இன்ஸ்பெக்டர் கிளம்பினார்.

அப்போது மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். முகம் உப்பியிருந்தது.

"மேடம், மனசுல வச்சுக்கிட்டிருந்தா எனக்குத் தூக்கம் வராது. கேட்டுடறேன். எங்களுக்குத் தெரியாம வேற டீம் வச்சீங்கல்ல?"

"என்ன உளர்றீங்க?"

"அந்தச் சிவப்புச் சுவர்தான். சனிக்கிழமை வெறும் ஃப்ரேம் நிறுத்திட்டுப் போனோம். திங்கக்கிழமை வந்தா பெயின்ட் வரைக்கும் முடிஞ்சிருக்கு. ரசமட்டம் வச்சுப் பாத்தேன், நூல் பிசகல. ஜாயின்ட் எங்கன்னே தெரியல. எங்க ஆளுங்க கை பட்டு ஒரு சுவர் இப்படி நின்னதில்ல. வேலை புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்."

அவள் வாசல் பக்கம் பார்த்தாள்.

பிணத்தை மறைக்கும்போதுகூடக் கோணலாக ஒரு போர்டு அடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டு தடவை பட்டி பார்த்து, வழவழவென்று தேய்த்திருந்தாள். மட்டமான வேலை என்றால் அவளுக்குக் கொலையைவிட அருவருப்பு.

வாசல்வரை போன இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார்.

"அந்த டீம் நம்பர் கொடுங்க மேடம்."

அவள் போனில் நம்பர் தேடுவதுபோல் விரலைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"யாருன்னாவது சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தார். கடப்பாரைக்கு ஆள் அனுப்பினார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"கொஞ்சம் சோம்பேறியா இருந்திருக்கலாம் மேடம்... நான் இந்நேரம் வீட்ல காபி குடிச்சிட்டிருப்பேன்!"