மணலுக்குள் வெள்ளைக் கட்டிகள்

1971 மார்ச், வியாழக்கிழமை. காலை 7.10.

பாவடித் தெருவில் அன்று யாரும் பாவு விரிக்கவில்லை. தறிக்கான பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்ட வேண்டிய நேரத்தில், கோவில் வேலைக்காக மாதக்கணக்கில் கொட்டிக் கிடந்த ஆற்று மணல் குவியலைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள். நடுவில் துப்புரவுத் தொழிலாளி மரியம்மாள். அவளுடைய துடைப்பத்தை யாரோ முறித்துப் போட்டிருந்தார்கள்.

நகராட்சி சானிட்டரி இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி சைக்கிளை நிறுத்தினார். கூட்டம் வழிவிடவில்லை. இடித்துக்கொண்டுதான் உள்ளே போனார்.

"இன்னா நடந்தது?"

நெசவாளி கந்தன் முன்னே வந்தான். "எம் பொண்ணு தில்லைக்கு அஞ்சு வயசு சார். வலது கண்ணு போச்சு. நாய்ப்பீயில புழு முட்டை இருக்குமாம். மண்ணுல வெளயாடுற கொழந்தைங்க கைவழியா வயித்துக்குள்ள போய், புழுவாகி, கண்ணுக்கு ஏறிடுச்சாம். நேத்து மெட்ராஸ்ல டாக்டரு சொல்லிட்டாரு. இவ தெருவுல அள்ளுறதையெல்லாம் எம் பொண்ணு வெளயாடுற இந்த மணல்ல பொதைச்சு வெச்சிருக்கிறா!"

"இல்ல சாமி. நான் வண்டியிலதான் கொட்டுறேன்" என்றாள் மரியம்மாள்.

"பொய் சொல்றா!" என்று நாலைந்து குரல்கள் எழுந்தன.

தெருவுக்கே பாவு கொடுக்கும் பட்டு வியாபாரி மயில்வாகனம் தன் வீட்டு கேட்டில் கை வைத்து நின்றிருந்தார். உள்ளே அவருடைய மூன்று அல்சேஷன் நாய்கள் குரைத்தன. "இன்னிக்கே இவளை வேலையைவிட்டு அனுப்பணும் இன்ஸ்பெக்டர். இல்லேன்னா தெருவே ஆபீஸுக்கு வரும்."

கோதண்டபாணி குவியலைச் சுற்றி வந்தார். மேலே சுத்தமான மணல். அசிங்கத்தின் சுவடே இல்லை. மண்வெட்டி கேட்டு வாங்கி ஒரு முழம் தோண்டினார். வெள்ளைக் கட்டிகள் உதிர்ந்தன.

"சுண்ணாம்பு" என்றார் ஒருவர்.

கோதண்டபாணி குச்சியால் ஒரு கட்டியை உடைத்தார். உள்ளே எலும்புத் துணுக்கு இருந்தது.

7.40. கோதண்டபாணி கந்தனிடமிருந்து டாக்டரின் கடிதத்தை வாங்கிப் படித்தார். கண்ணில் கோளாறு தொடங்கி மூன்று மாதமாவது ஆகியிருக்கும் என்று எழுதியிருந்தது.

"மரியம்மா, இந்தத் தெருவுக்கு எப்பலேருந்து வர்றே?"

"பத்து நாளா சார். அதுக்கு முன்ன செவிலிமேட்டுப் பக்கம்."

"அவளுக்கு வக்காலத்தா?" என்று யாரோ கத்தினார்கள். ஒரு கல் பறந்து வந்து சைக்கிள் மட்கார்டில் பட்டது. கோதண்டபாணி திரும்பவில்லை. கந்தனின் மனைவி ஏலவார்குழலியிடம் போனார்.

"இந்தத் தெரு நாய்ங்க இன்னாம்மா திங்குது?"

"நாங்க போடுற மோர்ச்சோறுதான். இங்க எந்த வீட்லயும் கறி ஆக்க மாட்டாங்க."

8.05. மயில்வாகனத்தின் கேட். உள்ளே எட்டிப் பார்த்தார். முற்றம், தோட்டம் எல்லாம் சிமென்ட் தளம்.

"மூணு நாய்க்கும் இன்னா சாப்பாடு?"

"எலும்புதான். மார்க்கெட்லேருந்து வருது."

"அதுங்க போடுறதெல்லாம் எங்க போகுது?"

"ஆள் வந்து எடுத்துக்கினு போவான்."

"எந்த ஆள்?"

மயில்வாகனம் குரைக்கும் நாய்களை அதட்டினார். கோதண்டபாணி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எலும்பு தின்ற நாயோடதுதான் காய்ஞ்சா இப்படி வெளுக்கும். இது மொதலாளி வீட்டு நாய்ங்களோடது. நாய் ஒரு முழம் தோண்டிப் பொதைக்காது, மனுஷன்தான் பொதைச்சிருக்கணும். நான் தோண்டுற வரைக்கும் உள்ள இன்னா இருக்குதுன்னு பார்த்தவங்க யாரும் கெடையாது. ஆனா நான் வந்ததுமே ஒருத்தன் 'பொதைச்சு வெச்சிருக்கிறா'ன்னு சொன்னான். கந்தா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கந்தன் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆறு மாசமா நான்தான் சார். விடியறதுக்குள்ள கூடையில வாங்கிக்கினு போய்ப் பொதைச்சுடணும், இல்லேன்னா அடுத்த பாவு குடுக்க மாட்டேன்னாரு மொதலாளி. அதுல இவ்ளோ விஷம் இருக்குதுன்னு நேத்து டாக்டரு சொல்லித்தான் தெரியும். வீட்ல எப்படிச் சொல்லுவேன்? பயந்துபோய் இவ மேல பழியைப் போட்டுட்டேன்."

"பொதைச்சது அவன். எனக்கு இன்னா?" என்றார் மயில்வாகனம்.

"ரெண்டு பேர் மேலயும் ரிப்போர்ட் எழுதுறேன். இந்த மணல் மொத்தத்தையும் உங்க வண்டியிலயே ஏத்தி ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் பொதைக்கணும். சாயங்காலத்துக்குள்ள."

"உன்னை இந்த ஊர்லேருந்தே மாத்திடுவேன்!"

"மாத்துங்க. அதுக்குள்ள எழுதி முடிச்சிடுவேன்."

மரியம்மாள் மணலைக் கை காட்டினாள். "இதை நான் அள்ள மாட்டேன் சார்."

"நீ தொட வேணாம்."

கத்தியவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் நழுவினார்கள். மரியம்மாளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏலவார்குழலி அழவில்லை. உள்ளே போய்க் கட்டுப்போட்ட கண்ணோடு இருந்த மகளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து கந்தன் எதிரில் நிறுத்தினாள்.

"கண்ணு ஏம்மா தெரியலன்னு என்னைக் கேட்டுக்கினே இருக்கிறா. நீயே சொல்லு."

தில்லை இடது கண்ணால் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். கந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.