பிறவிக் கோணல்

வளையல் மணிக்கட்டைத் தாண்டவில்லை. மழை ஹந்தானை மலையை மூடிக்கொண்டு வந்த அந்த மாலையில், ஈரச்சுவர் வாசமும் சாம்பிராணிப் புகையும் கலந்த அறையில், மகள் தனுஜாவின் இடதுகை உள்பக்கமாக மடங்கியிருப்பதைச் சுதர்சினி கண்டாள்.

"வலிக்குதா குட்டி?"

"இல்லம்மா. எப்பவும் போலதானே இருக்கு."

கணவன் கிருஷ்ணராஜ் சிரித்தான். "என்ன சுதா புதுசா கேக்குற? பொறந்ததுலேர்ந்தே இப்படித்தானே. எத்தனை டொக்டர்மார்கிட்ட காட்டினோம்!" சொல்லிவிட்டுக் கடைக்குப் புறப்பட்டான். தனுஜா தன் அறைக்குள் ஓடினாள்.

சுதர்சினி அலுமாரியிலிருந்து போட்டோ அல்பத்தை எடுத்தாள். தொட்டில் படத்திலும் கை கோணல். நேற்று அந்தக் கையால் பிள்ளை பந்து பிடித்தது இவளுக்கு மட்டும்தான் ஞாபகம், பாவம்.

பொறந்ததுலேர்ந்தே. அவள் போட்ட சொல்தான் அது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளர் கோப்புகளுக்கு நோய்க்குரிய குறியீடு போடுவது அவள் வேலை. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தொழிலாளி காளிமுத்துவின் மணிக்கட்டு எப்படிக் கோணியது என்று டொக்டர் எழுதவில்லை. கோப்பை வார்டுக்குத் திருப்பி அனுப்பிக் கேட்பதுதான் முறை. அவளுக்கோ பஸ்ஸுக்கு அவசரம். பிறவிக் கோணல் என்று குறியீடு போட்டு மூடிவிட்டாள். அதைக் காட்டியே, வேலையில் பட்ட காயமில்லை என்று, தோட்டத்துரை அவன் கையை இழுத்த அதே கொழுந்து உருட்டும் மெசினுக்கு அவனை மறுபடி அனுப்பினார்.

அவன் மனைவி பேச்சியம்மா தேடி வந்தாள். "இந்தக் கையாலதான் தங்கச்சி எனக்குத் தாலி கட்டினாரு. நேராத்தான் இருந்திச்சு. மாத்திக் குடுங்க."

"போட்டது போட்டதுதான்," என்றாள் சுதர்சினி, தலை நிமிராமல்.

இப்போது மடிக்கணினியைத் திறந்தாள். காளிமுத்துவின் கோப்பைத் தேடி எடுத்தாள். பிறவி என்பதை அழித்தாள். பிறகு ஏற்பட்ட கோணல் என்று மாற்றினாள். எதனால் ஏற்பட்டது என்று கணினி கேட்டது. சொல்லாமல் விடாது. கொழுந்து உருட்டும் மெசினில் அகப்பட்டு. பதிந்தாள்.

அல்பத்தைப் புரட்டினாள். கை நேராக இருந்தது. எல்லாப் படத்திலும். அழுகை பொங்கி வந்தது.

"தனுஜா! குட்டி!"

பிள்ளையின் அறைப் பக்கம் ஓடினாள்.

பச்சைக் கொழுந்து வாசம். சூடான எண்ணெய் நாற்றம். பிள்ளையின் அறைக்குள் இரும்பு எதுவோ சுழன்றது. கனமாக. நிதானமாக.

"அம்மா... கையைப் புடிச்சு இழுக்குது."

கதவு திறக்கவில்லை. தள்ளினாள். மோதினாள்.

சுழற்சி ஒருகணம் திணறியது. மறுபடி ஓடியது.

கதவின் அடியால் பச்சைச் சாறு கசிந்து வந்து அவள் பாதத்தைத் தொட்டது. இளஞ்சூடாக. அதன் நடுவே சிவப்பாய் ஓர் இழை.