பிரேக் பிடித்த கார் குளத்துக்குப் போன விதம்

1971, தை மாதம். விடிந்தும் விடியாத வேளை. வலங்கைமானுக்கு மேற்கே ஒரு கிராமத்தில், மிராசுதார் நாகநாதனின் கறுப்புக் காரைக் காணோம் என்று கூச்சல் கிளம்பியது. தேடப் போனவர்கள் அதிகம் அலையவில்லை. கார் குளத்தில் இருந்தது. தண்ணீருக்கு மேலே கூரை மட்டும் தெரிந்தது. கூரைமேல் ஒரு கொக்கு.

அந்த ஊரில் மேடு என்று சொல்ல ஆற்றங்கரை ஒன்றுதான். மற்றதெல்லாம் வயல். காருக்கோ பேட்டரி செத்துப் பல காலம் ஆயிற்று. சரிவில் உருட்டினால்தான் என்ஜின் கண் திறக்கும். அதனால் டிரைவர் காயாரோகணம் தினமும் கரையிலிருந்து இறங்கும் பாதையில்தான் காரை நிறுத்துவார். அடியில் பாதை இடப்பக்கம் திரும்பும். திரும்பாமல் நேரே போனால் குளம்.

சப் இன்ஸ்பெக்டர் கலியபெருமாளுக்கு இதில் குழப்பமே இல்லை. முந்தின நாள் மதியம் அந்தக் காரின் ஹேண்ட் பிரேக்கைப் பழுது பார்த்தவன் ஐயாவு. கும்பகோணத்தில் மெக்கானிக், ஊரில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் முன்வரிசை ஆள். நாளை விடிந்தால் தாலுகா ஆபீசில் அறுவடைக் கூலிப் பேச்சு. இதைவிட வேறென்ன வேண்டும்? எட்டு மணிக்குள் ஐயாவுவின் கைகளைப் பின்னால் கட்டி, ஜீப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். அவனோடு சேர்த்துச் சங்கத்து ஆட்கள் நாலு பேரையும் பிடித்து உள்ளே போட்டால் கூலிப் பேச்சு தானாகப் படுத்துவிடும். இது ஊருக்கே தெரிந்தது.

ஐயாவுவின் தாய் ராசம்மாள், டிரைவர் காயாரோகணத்தின் கூடப்பிறந்த அக்கா. "எம் புள்ள பிரேக்க நல்லாத்தான் பண்ணினான்னு நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்டா தம்பி" என்று அவரைப் பிடித்து உலுக்கினாள். காயாரோகணம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரே ஒரு சடங்கு பாக்கி இருந்தது. வண்டிக் கேஸ் என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். கும்பகோணத்திலிருந்து சாமிதுரை தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். காலைக் காபி பாதியில் நின்றுபோன கோபம் முகத்தில் இருந்தது. அதற்குள் மாடு பூட்டிக் காரை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"ஹேண்ட் பிரேக் சரியா பண்ணலன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார். வீட்ல போய் காபி சாப்பிடலாம்" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"வண்டியப் பாத்துட்டு எழுதறேனே."

முதலில் ஐயாவு.

"என்ன பண்ணினே?"

"கேபிள் தளந்து போயிருந்துச்சு சார், இழுத்துக் கட்டினேன். சக்கரத்து டிரம்மைத் தொறந்தா பிரேக் ஷூ பூரா கிரீஸ். தொடச்சு, தேச்சு மாட்டினேன். பின் சக்கரம் ரெண்டையும் நல்லாப் புடிச்சுது."

"அந்த வண்டியப் போய் ஏன் தொட்டே?"

"எங்க மாமா ஓட்டுற வண்டி சார். எத்தினி வருசமா சக்கரத்துக்குக் கட்டைய வச்சிக்கிட்டு அல்லாடுறாரு."

அடுத்து மிராசுதார்.

"திடீர்னு பிரேக் மேல என்னங்க அக்கறை?"

"விக்கறதுக்குத்தான். நிலச் சட்டம் வந்து பாதி நிலம் போவுது, மீதி நிம்மதியும் போவுது. நான் மெட்ராசுக்கே போறேன். அதிராம்பட்டினம் கபீர் பாய் இன்னிக்குக் காரைப் பாக்க வர்றாரு. அதுக்குள்ள இப்படிப் பண்ணிட்டானுவ பாருங்க. பாவம், நம்ம காயாரோகணந்தான் இந்தப் பனியில உள்ள முங்கி, ஸ்டீயரிங்க நேராக்கி, கயிறும் கட்டிட்டு வந்தான். வேற ஒரு பய தண்ணியில கால நனைக்கல."

கடைசியில் காயாரோகணம்.

"ராத்திரி எப்படி நிறுத்தினீங்க?"

"பிரேக் போட்டேங்க. முன்சக்கரத்துக்குக் கட்டையும் குடுத்தேன்."

"பிரேக்தான் சரியாயிடுச்சே, கட்டை எதுக்கு?"

"பழக்கங்க. கட்டை குடுக்காம வந்தா தூக்கம் புடிக்காது. காலையில கட்டைய எடுத்து சீட்டுக்கு அடியில சொருவிட்டுத்தான் வண்டிய உருட்டுவேன்."

"அந்தக் கட்டையத்தான் சார் சங்கத்துக்காரனுவ உருவி எங்கியோ வீசிட்டானுவ" என்று சப் இன்ஸ்பெக்டர் குறுக்கே விழுந்தார். "இவன் பிரேக்க லூசாக்கினான், அவனுவ கட்டைய உருவினானுவ. கூட்டுச் சதி." இரண்டு போலீஸ்காரர்கள் கரை ஓரத்துக் காட்டாமணக்குப் புதரையெல்லாம் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்கள். கட்டை கிடைக்கவில்லை.

சாமிதுரை காரின் கதவைத் திறந்தார். ஒரு ஆமைக்குஞ்சு இறங்கிப் போனது. ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே இருந்தது. அதைத் தொடாமல் காரைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னார். ஆறு பேர் தள்ளினார்கள், நகரவில்லை. மாடு கட்டிச் சரிவில் பாதி தூரம் ஏற்றி, அவிழ்த்துவிடச் சொன்னார். கூட்டம் பதறி விலகியது. கார் அப்படியே நின்றது. முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்கள். அப்போதும் நின்றது.

"தண்ணியில ஊறின பிரேக்கே இந்தப் பிடி பிடிக்குது. காய்ஞ்ச பிரேக் விட்டிருக்குமா?" என்றார் சாமிதுரை.

இப்போது ஊர் முழுக்கக் குழம்பியது. பிரேக் கெட்டிருந்தால் ஐயாவு குற்றவாளி, சரி, புரிகிறது. ஆனால் பிரேக் நன்றாக இருக்கிறது. இழுத்தும் இருக்கிறது. அப்புறம் கார் எப்படிப் போய்க் குளத்தில் இறங்கும்? முனீசுவரன் வேலை என்றார் ஒருவர். ஆளுங்கட்சி வேலை என்றார் இன்னொருவர். கலியபெருமாள் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் சாமிதுரைக்கும் தலை சுற்றத்தான் செய்தது. காபி இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார்.

வேறு வழி தெரியாமல் குனிந்து தரையைப் பார்த்தார். பனியில் ஊறிய களிமண். கார் மேலே இழுக்கப்பட்ட இடத்தில் பின் சக்கரங்கள் சுற்றாமல் உழுதுகொண்டே வந்திருந்தன. ஏர் ஓட்டின சால் மாதிரி இரண்டு கோடு. கொஞ்சம் தள்ளி, அது இரவில் இறங்கிய தடம். அங்கே டயரின் பூவேலை அச்சடித்ததுபோல் தண்ணீர்வரை தெளிவாகப் பதிந்திருந்தது.

அவர் திரும்பி வந்து டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். கொஞ்ச நேரம் துழாவினார். கை வெளியே வந்தபோது அதில் ஒரு கருவேலங்கட்டை இருந்தது.

புதரைக் கிளறிய போலீஸ்காரர்கள் கிளறுவதை நிறுத்தினார்கள்.

"ஐயாவுவ அவுத்து விடுங்க" என்றார் சாமிதுரை.

"சார், அது எப்படி..."

"சொல்றேன். இறங்கின தடத்துல பின் சக்கரம் சுத்தி இறங்கியிருக்கு. பின் சக்கரம் சுத்துச்சுன்னா ஹேண்ட் பிரேக் விட்டிருந்துதுன்னு அர்த்தம். வெளியில இழுக்கும்போது சுத்தல. அப்ப பிரேக் இழுத்திருந்துது. விட்டிருந்த பிரேக்க, கார் தண்ணிக்குள்ள போனப்புறம் யாரோ இழுத்திருக்காங்க. இங்க தண்ணிக்குள்ள போனவர் யாரு?"

எல்லோரும் மிராசுதாரைப் பார்த்தார்கள். மிராசுதார் காயாரோகணத்தைப் பார்த்தார்.

"அதோட இந்தக் கட்டை. விரோதத்துல உருவினவன் வீசிட்டு ஓடியிருப்பான். கதவத் தொறந்து, சீட்டுக்கு அடியில, அதோட இடத்துல சொருவிட்டா போவான்? அது தினமும் சொருவற கை. மனசு வேற எதையோ நெனச்சிக்கிட்டிருக்கு, கை பாட்டுக்கு வழக்கமான வேலையச் செஞ்சுட்டுது. என்னங்க காயாரோகணம், சரிதானா?"

காயாரோகணம் அந்தக் கட்டையையே பார்த்தார். "சரிதாங்க."

"ஏன்?"

"காரை வித்துட்டா எனக்கு என்னங்க இருக்கு? நெலம் கெடையாது. நாத்துப் புடிச்சு வருசக்கணக்கா ஆச்சு. தண்ணியில எறங்கின காரை யாரும் வாங்க மாட்டாங்க, மொதலாளியும் மனசு மாறி இங்கயே இருந்துடுவாங்க, நானே ரிப்பேர் பாத்து ஓட்டிக்கலாம்னு ஒரு கிறுக்குப் புத்தி. பிரேக்க இழுத்து வச்சா பிரேக் மேல பழி போவும்னு நெனச்சேன். பிரேக்கப் பண்ணினவன் மேல போவும்னு தோணவே இல்லைங்க."

"தோணலயா?" ராசம்மாள் கத்தினாள். "எம் புள்ள கையக் கட்டினப்ப இங்கதானடா நின்ன? அப்பவுமா தோணல?"

போலீஸ்காரர் ஒருவர் ஐயாவுவின் கைக்கயிற்றை அவிழ்த்தார். ஐயாவு மணிக்கட்டைத் தேய்த்துவிட்டபடி மாமாவையே பார்த்தான். கோபப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

கலியபெருமாள் அதே கயிற்றால் காயாரோகணத்தின் கையைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. அஹமது கபீர் இறங்கினார். கூட்டத்தையும் சேறு வழியும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க இது? சரி, வண்டி கெடக்கட்டும். டிரைவர் எங்க? வண்டியோட அவரையும் அனுப்புறேன்னு சொன்னீங்களே. இந்தப் பழைய வண்டிய அவர விட்டா யாரு ஓட்டுவா? குடும்பத்தோட வந்து தங்க வீடுகூடப் பாத்து வச்சிட்டேன்."

சாமிதுரை மிராசுதார் பக்கம் திரும்பினார்.

"இத அவர்கிட்ட சொன்னீங்களா?"

நாகநாதன் உண்மையாகவே குழம்பிப்போனார். அந்தக் கேள்வி அவருக்கு விளங்கவில்லை.

"அவன்கிட்ட எதுக்குங்க சொல்லணும்? கார் போற அன்னிக்கு ஏறி ஓட்டுடான்னா ஓட்டிட்டுப் போறான்."

காயாரோகணம் யாரும் தள்ளாமலே போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.