நடுப்படகின் பாரம்

மூன்று படகுகளில் நடுப்படகு மட்டும் பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்து கிடந்தது.

வில்லியனூரை அடுத்த ஊசுடு ஏரியில் ஞாயிறுதோறும் வெள்ளைக்காரர்கள் உல்லாசமாகச் சுற்றிவர ஒரு முசே, பிரெஞ்சுத் துரை, போட்டுக்கொடுத்த மரத்துறை அது. அதற்குக் காவல் நாகமுத்து, பனித்திட்டுக் கடற்கரைக்காரன். அழுகிய பாசியின் வாடையும், ஈரக்கயிறு கம்பத்தில் உராயும் சத்தமும், கோரைக்குள் அடைய வந்த நீர்க்கோழிகளின் இரைச்சலும் அந்தக் கார்த்திகைச் சாயங்காலத்தில் எப்போதும்போலவே இருக்க, அவன் குனிந்து படகுக்குள் பார்த்தான். தண்ணீர் ஏறவில்லை. பலகை காய்ந்திருந்தது.

பயம் வரவில்லை. படகோட்டி மரியதாஸ் முழுகிச் செத்த இந்தப் பத்து நாளில் அவனுக்குப் பசிகூட வரவில்லை. குழியில் மண் தள்ளியபோது அழுகையும் வரவில்லை.

படகின் முன்பக்கம் ஏறி நின்றான். படகு மட்டமானது. எதிரே இன்னொரு ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி நிற்குமோ, அப்படி.

கரையிலிருந்து மனைவி குப்பு கூப்பிட்டாள்.

“இன்னாய்யா, வூட்டுக்கு வரல? சோறு ஆறிப்போவுது.”

“படகு சாஞ்சி கெடக்குது. பாத்துட்டு வரேன்.”

“அந்த ஆளு வுழுந்த படகாச்சே, அதுல ஏன் ஏறுன? எறங்குய்யா.”

இறங்கினான். படகு மறுபடி பின்னால் சாயவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக மேலெழும்பின. துறையில் அவனுக்குப் பக்கத்தில் ஆளில்லாத பலகை ஒருமுறை முனகியது.

கயிற்றை இறுக்கக் கம்பத்தடியில் மண்டியிட்டான். அன்றைக்கு இங்கேதான் மரியதாஸ் தண்ணீருக்கு மேலே வந்தான். கையை நீட்டினான். தவிக்கிறவன் தன்னையும் இழுத்துவிடுவான் என்று நாகமுத்து ஓரடி பின்னால் போனான். யாரும் பார்க்கவில்லை.

குப்பு துறைமேல் வந்துவிட்டாள். நின்றாள்.

“யாரு கைய்யா அது?”

குனிந்து பார்த்தான். அவன் வலதுகை முழங்கைவரை தண்ணீருக்குள். எப்போது விட்டான்? தெரியவில்லை. குளிரவில்லை. உள்ளே வேறொரு கை; ஊறி வெளுத்த ஐந்து விரல்கள். அவை எதையும் பற்றவில்லை. விரிந்து கிடந்தன.

இறுகப் பிடித்திருந்தது நாகமுத்துதான்.

“வுடுய்யா… வுட்டுடு!”

விடப் பார்த்தான். அவன் விரல்கள் திறக்கவில்லை.

தண்ணீர் தோளுக்கு வந்திருந்தது.