கண்ணாடியில் தெறித்த ரத்தம்

மாலை நான்கு மணி. மழை விட்டிருந்தது. வளிமண்டல ஆய்வு நிலையத்தின் மொட்டை மாடியில் அதன் தலைவி மண்டை பிளந்து கிடந்தாள். பக்கத்தில் ஒரு கனத்த ஸ்பானர்.

ஸ்பானர் நிலையத்து மெக்கானிக்குடையது. மழையின்போது அங்கே இருந்தவனும் அவன் ஒருவன்தான். இன்ஸ்பெக்டர் வந்து சேர்வதற்குள் இறந்தவளின் அண்ணன் அவனுடைய முன்பற்கள் இரண்டை உடைத்துவிட்டான். பிறகு தங்கை கணவனைக் கட்டிக்கொண்டு கதறினான்.

கணவன் அதே நிலையத்தில் துணைத் தலைவன். செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடந்தபோது தானும் மனைவியும் சேர்ந்து காற்றிலிருந்த மீத்தேன் வாயுவை அளந்ததாகச் சொன்னான். மழை வலுத்ததிலிருந்து விடும்வரை அவன் ஊருக்குள் இருந்ததற்குச் சாட்சிகள் இருந்தார்கள்.

"நீங்க கிளம்பும்போது மழை வந்துடுச்சா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"தூறல் விழுந்தப்புறம்தான் கிளம்பினேன். மாடியில நல்லாத்தான் நின்னுட்டு இருந்தா."

இன்ஸ்பெக்டர் மாடிக்குப் போனாள். பிணம் கிடந்த இடத்தருகே மூடியிட்ட ஒரு பெட்டி. உள்ளே இருக்கும் கண்ணாடி சூரியன் பக்கமே திரும்பி, வெயிலைக் கீழ்த்தளத்துக் கருவிக்கு அனுப்பும் என்றும், காற்றில் எந்த வாயு எவ்வளவு என்று அந்த ஒளியை வைத்துத்தான் கருவி கண்டுபிடிக்கும் என்றும் மெக்கானிக் வீங்கிய வாயால் விளக்கினான். முதல் துளி பட்டதும் மூடி தானாக மூடிக்கொள்ளுமாம்.

திறக்கச் சொன்னாள். கண்ணாடியில் காய்ந்த ரத்தப் புள்ளிகள்.

செயற்கைக்கோள் என்ன பார்த்தது என்று மெக்கானிக்கிடம் கேட்டாள். அவன் சொன்னான்: துணைத் தலைவருடைய தம்பியின் தொழிற்சாலைக்கு மேல் மீத்தேன் கசிவு. தரைக் கருவியும் அதையே காட்டியது. போன மாதம் அங்கே வெடித்ததில் மூன்று தொழிலாளிகள் கருகிச் செத்தார்கள். கசிவே இல்லை என்று தம்பி சாதித்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் கீழே இறங்கி நேராகக் கணவனிடம் வந்தாள்.

"மூடி திறந்திருந்தப்போ தெறிச்ச ரத்தம். அதாவது, தூறலுக்கு முன்னாடியே அவங்களை அடிச்சாச்சு. அப்புறம் நல்லா நின்னுட்டு இருந்தது யாரு?"

அவன் சுவரில் சாய்ந்தான். "தம்பியை உள்ள தள்ளாம விடமாட்டேன்னா. கால்ல விழுந்தும் கேக்கல."

அண்ணன் பாய்ந்து அவன் குரல்வளையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். போலீஸ்காரர்கள் இழுத்தும் பிடி விடவில்லை. மெக்கானிக்தான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"விடுங்கண்ணே. அந்த மூணு பேரு எப்படிச் செத்தாங்கன்னு இவரு கோர்ட்டுல சொல்லணும்."

அண்ணன் தரையில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்தான். மெக்கானிக்கின் பல் கிழித்த இடத்தில் இன்னும் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.