அலமாரிக்கு ஒரு ரோங்கே

படமெடுத்த அன்று ரோங்கே வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள். போலன்லேவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. உயிரோடு இருந்தபோது அவளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, கணினியில் உருவமாக்கியது இவள்தானே. இப்போது திரையில் அந்த வாய் லேசாகத் திறந்திருந்தது.

கணினித் திரைக்குள் முடிவே இல்லாத ஒரு நூலகத்தை உருவாக்கித் தரும் வேலை. ஒரே அலமாரியைச் செய்து, அதையே நகலெடுத்துக்கொண்டு போனால் போதும். உயரம் பார்ப்பதற்காக அதன் பக்கத்தில் ரோங்கேயை நிறுத்தியிருந்தாள். நகலெடுக்கும் முன் எடுத்துவிட வேண்டும். இரட்டையாகக் கூடப் பிறந்தவளைப் புதைத்த நாளிலிருந்து மரத்துப்போன புத்தி, மறந்துவிட்டது. கண்ணுக்கு எட்டாத தூரம் வரை, அலமாரிக்கு ஒரு ரோங்கே.

ஊருக்குப் போயிருந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏண்டி, அவளுக்குப் பயறு வெச்சியா?"

மூலையில் ரோங்கேயின் மரப்பொம்மை நின்றது. நைஜீரியாவின் இபாதானில், இரட்டையரில் ஒருவர் செத்தால் பொம்மை செதுக்கி, மற்றவர் சாப்பிடுவதையே அதற்கும் படைப்பார்கள்.

"வெச்சேம்மா."

"பொய் சொல்லாத. பட்டினி போட்டா உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவா. சின்ன வயசுலயே உன் தட்டுலேருந்து புடுங்கித் தின்னவ அவ."

போலன்லேவுக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்க, ஜன்னல் இடுக்கில் ஹர்மட்டான் பாலைக்காற்றின் புழுதி நுழைய, செம்பனை எண்ணெய் மணக்கும் பயற்றுப் பானையைத் தூக்கி வந்து பொம்மையின் முன் ஒரு கரண்டி வைத்தாள்.

திரையில் முதல் ரோங்கே வாயை மூடிக்கொண்டாள்.

பின்னால் நின்றவர்களின் வாய்கள் இன்னும் அகலமாகத் திறந்தன.

அழித்துவிடலாம். ஒரு பொத்தான் போதும். கை போகவில்லை. இன்னொரு தடவை ரோங்கேயைப் புதைக்க அவளால் ஆகாது.

இன்னொரு கரண்டி. இரண்டாவது வாய் மூடியது. இன்னொன்று. இன்னொன்று. மென்று விழுங்கும் சத்தம், ஜெனரேட்டருக்கும் அடியில். கரண்டி பானையின் அடியைச் சுரண்டியது.

காலி.

நிமிர்ந்து பார்த்தாள். மூடிய வாய்கள் எல்லாம் மறுபடி திறந்திருந்தன. ஒவ்வொரு அலமாரிக்குப் பக்கத்திலும் இப்போது இரண்டு பேர். காலிப் பானையோடு போலன்லே. அவள் தோள்மேல் குனிந்திருக்கும் ரோங்கே.

திரைக்கு இந்தப் பக்கம், அவள் தோள் ஈரமாக இருந்தது.